இத்தாலியின் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி எங்கே போனது?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி இன்றும் தெம்பாக இருக்கிறது. அதே போரில் தோற்று, அதே காலத்தில், கிட்டத்தட்ட அதே பெயரில் கட்சி கட்டிய இத்தாலியில் மட்டும் அது ஏன் இருந்த இடம் தெரியாமல் போனது, ஊழல்தான் காரணமா?

ஊழல்தான் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம், நிறையப் பேர் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் ஊழல் ஜெர்மனியிலும் வெடித்தது. 1999ல் ஹெல்முட் கோல் கட்சிக்காகக் கணக்கில் காட்டாமல் வாங்கிய நன்கொடைகள் வெளியே வந்தன. கொடுத்தவர்களின் பெயரைச் சொல்ல மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அவர் அடம்பிடித்தார். கட்சியின் மானம் கப்பலேறியது. ஆறு வருஷத்தில் அதே கட்சி ஏஞ்சலா மெர்க்கெலை முன்னே நிறுத்தி ஆட்சிக்குத் திரும்பிவிட்டது. வித்தியாசம் வேறெங்கோ இருக்கிறது. ஜெர்மன் கட்சி 1969ல் ஆட்சியை இழந்து பதின்மூன்று வருஷம் எதிர்க்கட்சி வரிசையில் காய்ந்தது. இத்தாலியக் கட்சி 1945 டிசம்பரிலிருந்து 1994 வரை ஒரு நாள்கூட அந்த வரிசையில் உட்கார்ந்ததில்லை. பிரதமர் நாற்காலியே 1981 ஜூன் வரை, முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல், வேறு கட்சிக்காரர் கைக்குப் போகவில்லை. அந்தக் கட்சிக்குத் தோற்கத் தெரியாது, தெரிந்துகொள்ளும் அவசியமும் வரவில்லை. என் பதில் முழுக்க இதைச் சுற்றித்தான், கொஞ்சம் நீளும்.

முதலில், பெயரில் 'கிறிஸ்தவ' என்று இருப்பதால் போப்பாண்டவர் ஆரம்பித்த கட்சி என்று நினைத்துவிட வேண்டாம். 1870ல் புதிதாக உருவான இத்தாலிய அரசு ரோம் நகரைப் போப்பிடமிருந்து பறித்துக்கொண்டது. அந்தக் கோபத்தில் கத்தோலிக்கர்கள் நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கவும் கூடாது, ஓட்டுப் போடவும் கூடாது என்று வத்திக்கான் தடை போட்டது. அது மெல்ல மெல்லத் தளர்ந்து முழுசாக நீங்கியது 1919ல்தான். அந்த வருஷம் ஜனவரி 18ஆம் தேதி லூயிஜி ஸ்டுர்சோ என்ற சிசிலிப் பாதிரியார் 'மக்கள் கட்சி' என்று ஒன்றைத் தொடங்கினார். பாதிரியார்தான், ஆனால் கட்சி திருச்சபையின் கட்டளையில் நடக்காது என்பதில் பிடிவாதமாக இருந்தார். அதற்கான விலையையும் கொடுத்தார்: முசோலினி வந்ததும் வத்திக்கான் அவரைக் கைகழுவியது, 1924ல் நாட்டை விட்டுப் போகச் சொல்லி நெருக்கியது, அவர் லண்டனுக்கும் பிறகு அமெரிக்காவுக்கும் போய் 1946ல்தான் திரும்பினார். கட்சியை 1926ல் ஃபாசிஸ்ட் அரசு கலைத்தது.

கலைந்த கட்சியின் கடைசிச் செயலாளர் அல்சீடே டி காஸ்பெரி. இவர் பிறந்தபோது இவருடைய ஊர் இத்தாலியிலேயே இல்லை. ட்ரென்டினோ அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது, இவர் 1911ல் வியன்னா நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். முசோலினி இவரைச் சிறையில் போட்டார், வெளியே வந்தவருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை, கடைசியில் வத்திக்கான் நூலகத்தில் புத்தகப் பட்டியல் எழுதும் வேலை கிடைத்தது. வருஷக்கணக்கில் அதே வேலை. போப்பின் பழைய கடற்படையைப் பற்றி ஆராய்ச்சி செய்ய அங்கே ஒரு மாணவர் வந்தாராம். புத்தகம் எடுத்துக்கொடுத்தவர், இதைவிட உருப்படியாகச் செய்ய உனக்கு வேறு எதுவும் இல்லையா என்று கேட்டாராம். அந்த மாணவர் ஜூலியோ ஆண்ட்ரியோட்டி, பிற்காலத்தில் ஏழு முறை பிரதமரானவர். அவரே சொன்ன கதைதான், கொஞ்சம் மெருகு ஏற்றியிருக்கலாம். இருந்தாலும் கட்சியின் முதல் ஆளும் ஏறக்குறைய கடைசி ஆளும் ஒரே மேசையின் இரு பக்கம் நின்ற காட்சி எனக்குப் பிடிக்கும்.

கட்சி 1942, 43ல் ரகசியமாக உருவானது. பழைய மக்கள் கட்சிக்காரர்கள் ஒரு பக்கம், ஃபாசிச காலத்தில் திருச்சபையின் மாணவர், இளைஞர் அமைப்புகளில் வளர்ந்த அடுத்த தலைமுறை இன்னொரு பக்கம். முசோலினி எல்லாக் கட்சிகளையும் சங்கங்களையும் உடைத்தார், திருச்சபை அமைப்புகளை மட்டும் வத்திக்கானோடு செய்துகொண்ட 1929 ஒப்பந்தத்துக்குப் பிறகு பெரும்பாலும் விட்டுவைத்தார். அதனால் போர் முடிந்தபோது நாட்டில் ஊருக்கு ஊர் ஆளும் கட்டடமும் வைத்திருந்தது பங்குக் கோயில் ஒன்றுதான்; காலனா செலவில்லாமல் அந்த வலைப்பின்னல் புதுக் கட்சிக்குக் கிடைத்தது.

1946 ஜூன் 2ஆம் தேதி இத்தாலியர்கள் மன்னராட்சியா குடியரசா என்று வாக்களித்தார்கள். நாடு தழுவிய தேர்தலில் பெண்கள் ஓட்டுப் போட்டது அப்போதுதான் முதல் முறை. டி காஸ்பெரியின் கெட்டிக்காரத்தனத்தை அங்கே பார்க்கலாம். கட்சி மாநாடு குடியரசுக்குப் பெரும்பான்மையாகக் கைதூக்கியது, ஆனால் தெற்கில் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிக்கு மேல் ராஜ விசுவாசிகள். அதனால் உறுப்பினர்கள் அவரவர் மனசாட்சிப்படி போடட்டும் என்று விட்டுவிட்டார். குடியரசு 54.3 சதவீதத்தில் ஜெயித்தது. அதே நாளில் நடந்த அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் கட்சி 35.2 சதவீதம் வாங்கி முதலிடத்தில் வந்தது. யாரையும் முழுசாகப் பகைத்துக்கொள்ளாத இந்தப் பழக்கம் கட்சியின் ரத்தத்தில் அப்போதே கலந்துவிட்டது.

அப்புறம் 1948. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த நாற்பது வருஷமும் கட்சி இந்த ஒரு தேர்தலைத்தான் திரும்பத் திரும்ப நடத்தியது. 1947 மே மாதம் டி காஸ்பெரி கம்யூனிஸ்டுகளையும் சோஷலிஸ்டுகளையும் அரசிலிருந்து வெளியேற்றியிருந்தார். அவர்கள் கூட்டணி சேர்ந்து, இத்தாலியை ஒன்றாக்கப் போரிட்ட கரிபால்டியின் முகத்தைச் சின்னமாக வைத்து நின்றார்கள். பிப்ரவரியில் செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தது இத்தாலியக் குடும்பங்களின் சாப்பாட்டு மேசை வரை வந்து பயமுறுத்தியது. கம்யூனிஸ்டுகள் ஜெயித்தால் ஒரு டாலர்கூட வராது என்று அமெரிக்கா வெளிப்படையாகவே சொன்னது, மறைவாகச் சிஐஏ பணம் கொடுத்தது. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்திருந்த மாமன்மாரும் அத்தைமாரும் ஊரில் இருப்பவர்களுக்கு, யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதினார்கள். கரிபால்டியின் முகத்தைப் புரட்டினால் பின்னால் ஸ்டாலின் தெரிகிற மாதிரி சுவரொட்டி ஒட்டினார்கள். எல்லாவற்றிலும் பேர் போன வாசகம் நகைச்சுவை எழுத்தாளர் ஜொவான்னினோ குவாரெஸ்கியுடையது: 'வாக்குச்சாவடியின் மறைவில் கடவுள் உன்னைப் பார்க்கிறார், ஸ்டாலின் பார்ப்பதில்லை.' லூயிஜி ஜெத்தா என்ற மருத்துவரின் தலைமையில் பங்குக்குப் பங்கு குடிமைக் குழுக்கள் முளைத்து, வீடு வீடாகப் போய்க் கிழவிகளையும் நோயாளிகளையும் சாவடிக்குக் கொண்டுவந்தன. ஏப்ரல் 18ஆம் தேதி நூற்றுக்கு 92 பேர் வாக்களித்தார்கள். கட்சிக்கு 48.5 சதவீதம், 574 இடங்களில் 305. இடதுசாரிக் கூட்டணிக்கு 31 சதவீதம்.

தனிப் பெரும்பான்மை கையில் இருந்தும் டி காஸ்பெரி சின்னச் சின்ன மதச்சார்பற்ற கட்சிகளைக் கூட்டணியில் சேர்த்துக்கொண்டார். தனியாக ஆண்டால் பின்னால் வத்திக்கான் உட்கார்ந்துகொள்ளும் என்று அவருக்குத் தெரியும். அது சும்மா பயமில்லை. 1952ல் ரோம் மாநகராட்சித் தேர்தல் வந்தது. கம்யூனிஸ்டுகள் ஜெயித்துவிடுவார்கள் என்று பதறிய போப் பன்னிரண்டாம் பத்திநாதர், நவ ஃபாசிஸ்டுகளோடு சேர்ந்து பட்டியல் போடச் சொன்னார், முன்னால் நிற்க வயதான ஸ்டுர்சோவையே இழுத்தார்கள். டி காஸ்பெரி முடியாது என்றார். நவ ஃபாசிஸ்டுகள் இல்லாமலே நின்று ஜெயித்தும் காட்டினார். சில வாரம் கழித்து, தன் திருமணத்தின் முப்பதாம் ஆண்டு, கன்னியாஸ்திரியான மகளின் நிரந்தர வார்த்தைப்பாடு, இரண்டையும் சேர்த்துக் குடும்பத்தோடு போப்பைப் பார்க்க அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. அதற்கு அவர் அனுப்பிய பதிலின் சாரம்: கிறிஸ்தவனாக இந்த அவமானத்தை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் இத்தாலியின் பிரதமராக இதற்கு விளக்கம் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு பக்திமானின் வாயிலிருந்து வந்த வார்த்தை என்பதால்தான் அதற்கு இத்தனை கனம்.

அடுத்த வருஷமே அவர் விழுந்தார். பாதிக்கு மேல் ஓட்டு வாங்கும் கூட்டணிக்கு 65 சதவீத இடங்கள் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார், எதிரிகள் அதற்கு 'மோசடிச் சட்டம்' என்று பெயர் வைத்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. 1953 தேர்தலில் கூட்டணி வாங்கியது 49.8 சதவீதம். ஐம்பதாயிரத்துச் சொச்சம் ஓட்டில் போய்விட்டது. பதவி இழந்த அவர் மறு வருஷம் ஆகஸ்டில் இறந்தும் போனார். என் கணக்கில் கட்சியின் வரலாறு இங்கே இரண்டாக உடைகிறது. பத்திரிகையாளர் இந்த்ரோ மொந்தனெல்லி சொன்னது நினைவுக்கு வருகிறது: டி காஸ்பெரியும் ஆண்ட்ரியோட்டியும் சேர்ந்துதான் பூசைக்குப் போவார்கள், உள்ளே டி காஸ்பெரி கடவுளோடு பேசுவார், ஆண்ட்ரியோட்டி பாதிரியாரோடு பேசுவார். அதற்கு ஆண்ட்ரியோட்டியின் பதில்: பாதிரியாருக்கு ஓட்டு இருக்கிறது, கடவுளுக்கு இல்லையே.

1954ல் செயலாளராக வந்த அமிந்தோரே ஃபன்ஃபானி குள்ளமான, ஓயாமல் ஓடுகிற பொருளாதாரப் பேராசிரியர். கட்சி ஆயர்களையும் முதலாளிகளையும் நம்பிக்கொண்டிருந்தால் அவர்கள் சொல்படிதான் ஆட வேண்டும், சொந்தக் கால் வேண்டும் என்று நினைத்தார். நியாயமான யோசனைதான். அந்தச் சொந்தக் கால் எங்கே கிடைத்தது என்பதில்தான் பிரச்சினை: அரசாங்கத்தின் பணத்தில் கிடைத்தது. தெற்குப் பகுதியின் வளர்ச்சிக்கென்று 1950ல் ஒரு தனி நிதியம் தொடங்கியிருந்தார்கள்; பெரும் பண்ணைகளை உடைத்து நிலம் கொடுக்கும் சட்டங்கள் அதே வருஷம் வந்தன; எண்ணெய் நிறுவனம், வங்கிகள், எஃகு, நெடுஞ்சாலை எல்லாம் அரசு கையில். இவற்றால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். மலேரியா பிடித்த சதுப்பு நிலத்தில் தண்ணீர்க் குழாயும் பள்ளிக்கூடமும் வந்தன, ஃபன்ஃபானி தொழிலாளர் அமைச்சராக 1949ல் தொடங்கிய வீட்டுத் திட்டம் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குக் கூரை கொடுத்தது. ஆனால் நிலத்தைப் பங்கிடும் வாரியத்தின் தலைவர் கட்சிக்காரர், நிதியத்தின் பொறியாளர் கட்சிக்காரர், வங்கிக் கிளை மேலாளரைப் போட்டதும் கட்சி. சிறு விவசாயிகளுக்குப் பாவ்லோ போனோமியின் சங்கம் இருந்தது. விதை, கடன், 1950களில் வந்த நோய்க் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் அந்த வழியாகத்தான், தேர்தலன்று ஓட்டும் அதே வழியாகத் திரும்பி வந்தது. தபால் ஆபீஸ் வேலைக்குக்கூட ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும். அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஸ்டுர்சோ சாகும் வரை இதைத் திட்டிக்கொண்டே இருந்தார்: எல்லாவற்றையும் அரசே நடத்துவது, கட்சிகளே நாட்டை ஆள்வது, பொதுப் பணத்தை வாரி இறைப்பது, இந்த மூன்றும் ஜனநாயகத்தின் எதிரிகள் என்று. கட்சியின் தாத்தா என்று மாலை போட்டார்கள், பேச்சைக் கேட்கவில்லை.

விருப்ப ஓட்டு எப்படி வேலை செய்தது என்று சொன்னால்தான் மீதி புரியும். ஓட்டுப் போடுகிறவர் முதலில் கட்சிச் சின்னத்தில் குறி போடுவார். அப்புறம் அந்தக் கட்சிப் பட்டியலில் மூன்று, பெரிய தொகுதியானால் நான்கு வேட்பாளர்களின் பெயரையோ வரிசை எண்ணையோ எழுதலாம். கேட்க ரொம்ப ஜனநாயகமாக இருக்கிறதல்லவா? ஊர்ப் பெரிய மனுஷர் ஒருவர் ஒரு குடும்பத்திடம் 7, 19, 23 என்றும் அடுத்த குடும்பத்திடம் 19, 23, 7 என்றும் எழுதச் சொல்லுவார். எண்ணும்போது அவருடைய ஆள் மேசைக்குப் பக்கத்தில் நிற்பார். அந்தந்த வரிசையில் எண்கள் வந்தால் அந்தந்த வீடு சொன்னபடி செய்திருக்கிறது. வராவிட்டால் யார் ஏமாற்றினார்கள் என்றும் தெரிந்துவிடும். ரகசிய வாக்கெடுப்பு, கையெழுத்தோடு! அதோடு ஒரே கட்சி வேட்பாளர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுவதும் இந்த எண்களுக்காகத்தான்.

அந்த மோதலிலிருந்து வளர்ந்தவை கோஷ்டிகள். ஃபன்ஃபானி ஒரே நேரத்தில் கட்சிச் செயலாளராகவும் பிரதமராகவும் வெளியுறவு அமைச்சராகவும் உட்கார்ந்ததைப் பொறுக்காமல் 1959ல் அவருடைய ஆட்களிலேயே ஒரு பெரிய கூட்டம் ரோமில் புனித டொரோத்தேயா மடத்தில் கூடி அவரைக் கவிழ்த்தது, அந்தக் கூட்டத்துக்கு 'டொரோத்தேயர்' என்றே பெயர் நின்றது. அப்புறம் தொழிற்சங்கக் கோஷ்டி, இடதுசாரிக் கோஷ்டி, ஆண்ட்ரியோட்டி கோஷ்டி, மோரோ கோஷ்டி. ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகம், தனிச் செய்தி நிறுவனம், தனி நிதி. எந்தக் கோஷ்டிக்கு எத்தனை உறுப்பினர் அட்டையோ அதற்கேற்ற அமைச்சர் பதவி. 1960களின் இறுதியில் மாஸிமிலியானோ சென்செல்லி என்ற கட்சிக்காரர் இதற்கு ஒரு கணக்கே போட்டுக் கொடுத்தார்: உள்துறைக்கு இத்தனை மதிப்பெண், துணை அமைச்சருக்கு இத்தனை, ஒரு பெரிய துறை கிடைக்காவிட்டால் அதற்கு ஈடாக எத்தனை சின்னத் துறை. 'சென்செல்லி கையேடு' என்ற சொல் இன்றும் இத்தாலியப் பத்திரிகைகளில் அடிபடுகிறது. அட்டைக்குத்தான் பதவி என்றானதும் தெற்கில் உறுப்பினர் எண்ணிக்கை ஊதிக்கொண்டே போனது. கல்லறையில் இருப்பவர்களும் சந்தா கட்டுகிறார்கள் என்று கிண்டல் செய்வார்கள்.

இத்தாலியில் அரசுகள் வருஷத்துக்கொன்று கவிழ்ந்தன என்று எல்லோரும் சொல்வார்கள். கவிழ்த்தது பெரும்பாலும் யார் என்று பார்த்தால் இந்தக் கோஷ்டிகள்தான். எதிர்க்கட்சி ஒருபோதும் ஆட்சிக்கு வர முடியாத நாட்டில் ஆட்சி மாற்றம் கட்சிக்குள்ளேயே நடந்தது. ஆளும் கட்சியும் அதுவே, எதிர்க்கட்சியும் அதுவே. நாடாளுமன்றத்தில் ரகசிய வாக்கெடுப்பு இருந்ததால் சொந்தக் கட்சித் தலைவரை முதுகில் குத்தவும் வசதி. 1971ல் ஃபன்ஃபானி குடியரசுத் தலைவராக ஆசைப்பட்டுக் கட்சி வேட்பாளராக நின்றார். சுற்றுக்குச் சுற்று ஓட்டுக் குறைந்தது. ஒரு வாக்குச்சீட்டில், சபிக்கப்பட்ட குள்ளனே, நீ ஒருநாளும் தேர்ந்தெடுக்கப்பட மாட்டாய் என்று எதுகையோடு எழுதியிருந்ததாகச் சொல்வார்கள். 23 சுற்று முடிந்து கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஜொவான்னி லியோனே தேர்வானார், அவரும் இதே கட்சிதான்.

1960களில் சோஷலிஸ்டுகளை அரசுக்குள் கொண்டுவந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். மின்சாரத்தை அரசுடைமையாக்கினார்கள், பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பள்ளி என்று கொண்டுவந்தார்கள், மீதிச் சீர்திருத்தங்கள் கோஷ்டிச் சண்டையில் கரைந்தன. பெரிய அதிர்ச்சி 1974ல் வந்தது. 1970ல் நிறைவேறிய விவாகரத்துச் சட்டத்தை ரத்து செய்யக் கேட்டு வாக்கெடுப்பு நடத்தினார்கள், ஃபன்ஃபானி ஊர் ஊராகப் போய்க் குடும்பம் அழிந்துவிடும் என்று பேசினார், மக்கள் 59 சதவீதம் பேர் சட்டம் இருக்கட்டும் என்றார்கள். கோயிலுக்குப் போகிற கூட்டத்தையும் கட்சிக்கு ஓட்டுப் போடுகிற கூட்டத்தையும் ஒன்றென்று இனிமேல் எண்ண முடியாது என்பது அன்றே தெரிந்துவிட்டது. இதைவிட வேடிக்கை: 1978ல் கருக்கலைப்பைச் சட்டமாக்கிய ஆவணத்தில் கையெழுத்திட்ட பிரதமர், அமைச்சர்கள், குடியரசுத் தலைவர் எல்லோருமே இந்தக் கட்சிக்காரர்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது, போட்டுத்தான் ஆக வேண்டும். அதில் ஒரு கையெழுத்து டீனா ஆன்செல்மியுடையது, இளம் வயதில் நாஜிகளை எதிர்த்த கொரில்லாக்களுக்குச் சைக்கிளில் செய்தி கொண்டுபோனவர், இத்தாலியின் முதல் பெண் அமைச்சர். கட்சியில் எல்லோரும் திருடர்கள் என்று யாராவது சொன்னால் நான் இந்த அம்மாவின் பெயரைத்தான் சொல்வேன்.

விவாகரத்தில் தோற்ற கட்சி 1976ல் எப்படி மீண்டும் 38.7 சதவீதம் வாங்கியது? கம்யூனிஸ்டுகள் 34.4க்கு வந்துவிட்டார்கள், அதனால்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு இவர்களுக்கே போடுங்கள் என்று எழுதினார் மொந்தனெல்லி. போட்டார்கள். நாற்றம் தெரிந்தே போட்ட ஓட்டு அது.

மோரோவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. ஆல்டோ மோரோ சட்டப் பேராசிரியர், சோர்ந்த கண், மணிக்கணக்கில் சுற்றி வளைத்துப் பேசுகிறவர். கட்சி தோற்கவே முடியாத நிலையில் இருப்பது ஆரோக்கியமில்லை, கம்யூனிஸ்டுகளையும் மெல்ல அரசமைப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்று உணர்ந்த தலைவர் அங்கே அவர்தான் என்பது என் கருத்து. கம்யூனிஸ்டுகளும் ஆதரிக்கும் ஆண்ட்ரியோட்டி அரசின்மேல் நம்பிக்கை வாக்கெடுப்பு நடக்கவிருந்த 1978 மார்ச் 16 காலையில், ரோமின் ஃபானி தெருவில் 'சிவப்புப் பிரிகேடுகள்' என்ற தீவிர இடதுசாரி ஆயுதக் குழு மோரோவின் ஐந்து பாதுகாவலர்களைச் சுட்டுக் கொன்று அவரைக் கடத்தியது. 55 நாள். அடைபட்ட இடத்திலிருந்து மனைவிக்கும் கட்சித் தலைவர்களுக்கும் கடிதம் எழுதினார், பேச்சுவார்த்தை நடத்துங்கள், ஓர் உயிரைக் காப்பாற்றுவது கிறிஸ்தவக் கடமை இல்லையா என்று. கட்சி மறுத்தது. கடிதம் எழுதுகிறவர் எங்களுக்குத் தெரிந்த மோரோ இல்லை என்று அவருடைய நண்பர்கள் சிலரே அறிக்கை விட்டார்கள். போப் ஆறாம் பவுல் தன் கைப்பட எழுதி, மண்டியிட்டு வேண்டுகிறேன், நிபந்தனை இல்லாமல் விடுவியுங்கள் என்று கெஞ்சினார். மே 9ஆம் தேதி கயெத்தானி தெருவில் நின்ற சிவப்பு ரெனோ 4 காரின் பின்பக்கத்தில் உடல் கிடந்தது. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் தலைமையகத்துக்கும் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையகத்துக்கும் அங்கிருந்து சில நிமிட நடைதான். என் சாவுக்கு அரசாங்கத்தாரும் கட்சிக்காரர்களும் வர வேண்டாம் என்று அவர் எழுதிவைத்திருந்தார், குடும்பம் ஒரு சிற்றூரில் தனியாக அடக்கம் செய்தது. மே 13ஆம் தேதி லாத்தரன் பேராலயத்தில் போப் முன்னிலையில் அரசு அஞ்சலி நடந்தது: முன் வரிசையில் தலைவர்கள், பிரேதப் பெட்டி இல்லை, குடும்பமும் வரவில்லை. கட்சியின் ஒரு சாவு அன்றே நடந்துவிட்டதாக எனக்குப் படும்.

சிசிலி தனிக் கதை. பலேர்மோவில் 1950களின் கடைசியில் சல்வோ லீமா மேயர், வீட்டோ சான்சிமினோ பொதுப்பணிப் பொறுப்பு, இருவரும் கட்சிக்காரர்கள். பழைய மாளிகைகளை இடித்து, ஆரஞ்சுத் தோப்புகளை அழித்துக் கான்கிரீட் எழுப்பினார்கள், அனுமதிகளில் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய பினாமிகளுக்குப் போனது. அதே கட்சியில்தான் பியர்சாந்தி மத்தாரெல்லாவும் இருந்தார். சிசிலி மாநில அரசின் தலைவராகி ஒப்பந்தக் கணக்குகளைத் தோண்ட ஆரம்பித்தார், 1980 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று குடும்பத்தோடு பூசைக்குக் கிளம்பியபோது காரிலேயே சுட்டார்கள். அவரைக் காரிலிருந்து வெளியே எடுக்கும் தம்பியின் புகைப்படம் ஒன்று இருக்கிறது. தம்பி பெயர் செர்ஜோ. அவரிடம் பிறகு வருகிறேன். பன்னிரண்டு வருஷம் கழித்து லீமாவையும் மாஃபியாவே சுட்டது. தங்கள் ஆட்களுக்கு விழுந்த தண்டனையை உச்ச நீதிமன்றத்தில் உடைக்க அவரால் முடியவில்லை என்ற கோபம்.

1980களில் கட்சி பிரதமர் பதவியைக் கூட்டாளிகளுக்கு விட்டுக்கொடுக்கக் கற்றது, முதலில் சின்னக் குடியரசுக் கட்சியின் ஸ்பதோலினி, அப்புறம் சோஷலிஸ்ட் பெத்தினோ க்ராக்ஸி. பணத்தைத் தாராளமாகச் செலவழித்தார்கள், பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அரசின் கடன் நாட்டின் ஒரு வருஷ மொத்த உற்பத்தியையே தாண்டியது. அப்புறம் பெர்லின் சுவர் விழுந்தது. கம்யூனிஸ்ட் கட்சி பெயரையே மாற்றிக்கொண்டது. கட்சிக்காரர்கள் இதைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடினார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டுப் போட்டவர்கள் கையை எடுத்துவிடலாமே என்று யோசித்தார்கள். வடக்கில், கட்சியின் கோட்டையாக இருந்த வெனேட்டோவிலேயே, ரோமுக்கு வரி கட்டி அலுத்தவர்கள் வடக்கு லீக் என்ற புதிய பிராந்தியக் கட்சிக்குத் திரும்பினார்கள். 1991ல் கட்சிக்குள்ளிருந்தே மாரியோ செஞ்ஞி, ஒரு முன்னாள் குடியரசுத் தலைவரின் மகன், விருப்ப ஓட்டை ஒன்றாகக் குறைக்கும் வாக்கெடுப்பைக் கொண்டுவந்தார். கடற்கரைக்குப் போங்கள், ஓட்டுப் போடாதீர்கள் என்றார் க்ராக்ஸி. மக்கள் சாவடிக்குப் போய் 95 சதவீதத்துக்கு மேல் ஆம் என்றார்கள். எண்ணைச் சொல்லி ஓட்டை வாங்கிய அந்தப் பழைய இயந்திரம் அன்றோடு நின்றது.

1992 பிப்ரவரி 17ஆம் தேதி மிலானில் ஒரு முதியோர் இல்லத்தின் தலைவர் மாரியோ கியேஸா, துப்புரவு ஒப்பந்தக்காரரிடம் 70 லட்சம் லீரா லஞ்சம் வாங்கும்போது பிடிபட்டார். அவர் சோஷலிஸ்ட், ஆனால் நூல் அங்கிருந்து பிரிந்து எல்லாக் கட்சிக்கும் போனது. நாற்பது வருஷமாக இப்படித்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், லஞ்சம் கொடுத்தவர்கள் முன்பெல்லாம் வாயைத் திறக்கவில்லை. பயமும் போய் அரசிடம் பணமும் தீர்ந்தபோது திறந்தார்கள். அந்த ஏப்ரலில் கட்சி முதல் முறையாக 30க்குக் கீழே, 29.7க்கு இறங்கியது. மே மாதம், மாஃபியா வழக்குகளை நடத்திய நீதிபதி ஃபால்கோனேயை மாஃபியா குண்டு வைத்துக் கொன்றது, அந்தக் களேபரத்தில் ஆண்ட்ரியோட்டியின் குடியரசுத் தலைவர் கனவும் போனது. மறு வருஷம் அவர்மேலேயே மாஃபியா வழக்கு வந்தது. 1980 வசந்தம் வரை தொடர்பு இருந்தது, ஆனால் காலாவதியாகிவிட்டது, அதற்குப் பிறகு நிரூபணம் இல்லை என்று மேல்முறையீட்டில் தீர்ப்பானது. செயலாளராக இருந்த ஆர்னால்தோ ஃபொர்லானி 1993 டிசம்பரில் தொலைக்காட்சி கேமரா முன்னால் சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து, நினைவில்லை, தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார், வாயோரம் எச்சில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது, அதை நாடே பார்த்தது. பிறகு தண்டனை உறுதியானபோது சிறைக்குப் பதில் ரோமில் காரித்தாஸ் சேவை அமைப்பில் சமூகப் பணி செய்யச் சொன்னார்கள்.

இதே நிலைமையில் ஜெர்மன் கட்சி என்ன செய்திருக்கும்? தலைவரைத் தூக்கிவிட்டு எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருக்கும். இங்கே அதற்கு ஆள் இல்லை, பழக்கமும் இல்லை. கோஷ்டிகளைச் சேர்த்து வைத்திருந்த பசையே பதவிதான். கடைசிச் செயலாளர் மீனோ மார்டினட்ஸோலி நேர்மையான, சோகமான மனிதர். 1994 ஜனவரி 18ஆம் தேதி, ஸ்டுர்சோ கட்சி தொடங்கி சரியாக 75 வருஷம் கழித்து, பழைய 'மக்கள் கட்சி' பெயருக்கே கட்சியை மாற்றினார். அன்றே வலதுசாரிப் பிரிவு தனிக் கட்சியாகப் பிரிந்து பெர்லுஸ்கோனி பக்கம் சாய்ந்தது. மார்ச் தேர்தலில் மக்கள் கட்சிக்குக் கிடைத்தது 11 சதவீதம். அடுத்த வருஷம் அதுவும் இரண்டானது.

ஆட்கள் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரொமானோ ப்ரோதி, என்ரிகோ லெத்தா என்று பிரதமர்கள் இந்த வேரிலிருந்து வந்தார்கள். காரிலிருந்து அண்ணனைத் தூக்கிய செர்ஜோ மத்தாரெல்லா அதற்குப் பிறகுதான் அரசியலுக்கு வந்தார், 1990ல் பெர்லுஸ்கோனியின் தொலைக்காட்சிகளுக்குச் சாதகமான சட்டத்தை எதிர்த்து அமைச்சர் பதவியை விட்டார், 2015ல் குடியரசுத் தலைவரானார், 2022ல் வேண்டாம் வேண்டாம் என்றவரை மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள்.

சிவப்புச் சிலுவை போட்ட, கட்சியின் கேடயச் சின்னத்துக்கு வந்த கதியைக் கேளுங்கள். 1994ல் முறைப்படி மாநாடு கூட்டிக் கட்சியைக் கலைக்கவில்லை, ஆகவே சட்டப்படி அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, உண்மையான வாரிசு நாங்கள்தான் என்று ஆளுக்கொரு குழு கிளம்பி, பெயருக்கும் சின்னத்துக்கும் வருஷக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கினார்கள். கட்சி போய்விட்டது, கோஷ்டிகள் மட்டும் வழக்காடிக்கொண்டிருந்தன.